தோண்டுவதற்கு முந்தைய நாள்

அலாஸ்காவின் வடமேற்கு மூலையில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, ரெட் டாக் என்றோர் ஓடை இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அங்கே நீரையும் மீனையும் அளக்கப் போனவர்கள் விநோதமான ஒன்றைக் கண்டார்கள். தண்ணீரில் துத்தநாகமும் ஈயமும் காட்மியமும் மீனைக் கொல்லும் அளவுக்குக் கலந்திருந்தன. நல்ல தண்ணீர் ஓடும் பக்கத்துக் கிளையிலிருந்து அடித்து வரப்பட்ட கிரேலிங் மீன்குஞ்சுகள் இங்கே வந்து செத்துக் கிடந்தன. இத்தனைக்கும் அங்கே சுரங்கம் எதுவும் இல்லை. முதல் லாரி மண்ணை அள்ளுவதற்கு இன்னும் பல வருடங்கள் இருந்தன.

தாது மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே கிடந்ததுதான் காரணம். கோடையில் உருகும் பனியும் மழையும் அதைக் கரைத்து ஓடையில் சேர்த்துக்கொண்டிருந்தன. இதனால் அங்கே படிந்திருந்த துருநிறக் கறையை வானிலிருந்து பார்த்து நிலவியலாளர்களுக்குச் சொன்னவர் பாப் பேக்கர் என்ற விமானி. அவரோடு விமானத்தில் பறந்த சிவந்த முடி நாய்தான் ஓடைக்கும் பிறகு சுரங்கத்துக்கும் பெயர் தந்தது. அங்குள்ள இனுபியாக் பழங்குடி மக்களின் நானா நிறுவனத்துக்குச் சொந்தமான அந்த நிலத்தில் 1989-ல் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியது. உலகின் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் அது ஒன்று.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த அளவீடுகளை யாரும் எடுத்து வைக்கவில்லை என்றால் என்ன ஆகியிருக்கும்? 1990-ல் ஓடையில் செத்த மீனைப் பார்த்த எவரும் சுரங்கத்தைத்தான் கை காட்டியிருப்பார்கள். சுரங்கத்தாரோ, எவ்வளவு கழிவு கலந்தாலும் "இது எப்போதும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். நடந்தது வேறு. சுரங்கம் தொடங்கிய முதல் வருடத்திலேயே கீழ்நிலை ஓடையில் உலோகம் முன்பைவிடக் கூடியது, கறை இன்னும் கீழே நீண்டது. முந்தைய கணக்கு கையில் இருந்ததால் "இது பழைய கறை இல்லை, புதுசு" என்று சொல்ல முடிந்தது. 1991-ல் நல்ல தண்ணீர் தாதுப் பகுதியைத் தொடாமல் சுற்றிப் போக ஒரு தனிக் கால்வாய் வெட்டினார்கள். அப்புறம் ரெட் டாக் ஓடையின் முக்கியப் பகுதியில் துத்தநாகமும் காட்மியமும் சுரங்கத்துக்கு முந்தைய அளவுக்கும் கீழே இறங்கின. முன்பு மீன்குஞ்சு சாகும் இடமாக இருந்த நீரில் கிரேலிங் தங்க ஆரம்பித்தது.

இப்படித் தோண்டுவதற்கு முன்பு நிலம், நீர், விலங்கு, செடி எல்லாம் எந்த நிலையில் இருந்தன என்று அளந்து எழுதி வைப்பதைத்தான் பேஸ்லைன் ஸ்டடி என்கிறார்கள். தமிழில் அடிப்படை நிலை ஆய்வு என்று சொல்லலாம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளில் யாரும் புரட்டாமல் தாண்டிப் போகும் தடித்த பின்னிணைப்புகள் பெரும்பாலும் இவைதான். என்னைக் கேட்டால் அறிக்கையில் நிஜமான சண்டை நடக்கும் இடமும் அதுதான்.

வாடகை வீட்டுக்குக் குடிபோகும்போது விவரம் தெரிந்தவர்கள் சாமான் இறக்குவதற்கு முன்பே சுவர், தரை, குழாய் எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். காலி செய்யும் நாளில் "இந்த விரிசல் நீங்கள் வந்த பிறகுதான்" என்று சொல்லி அட்வான்ஸில் பிடிக்கப் பார்த்தால் எடுத்துக் காட்டலாம். அடிப்படை நிலை ஆய்வும் அதே மாதிரிதான். ஒரு வித்தியாசம், படம் பிடிப்பவருக்குச் சம்பளம் கொடுப்பது குடிவரப்போகிறவர், அதாவது சுரங்க நிறுவனம். இன்னொரு வித்தியாசம் இன்னும் பெரியது. வீட்டின் சுவர் நின்ற இடத்தில் நிற்கும். ஆர்க்டிக்கின் மரமில்லாத தூந்திரா நிலம் நிற்பதில்லை.

மூன்று கோடைகள்

கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில், மரங்கள் முடிந்துபோகும் எல்லைக்கு வடக்கே, லாக் தெ கிரா என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. பிரெஞ்சில் கொழுப்பு ஏரி என்று பொருள். அது அங்குள்ள தெலிச்சோ பழங்குடி மக்கள் வைத்த எகாத்தி என்ற பெயரின் மொழிபெயர்ப்பு. அங்கே பாறைகளில் ஓடும் வெள்ளைப் படிகக் கோடுகள் கரிபூவின் கொழுப்பைப் போலத் தெரிவதால் வந்த பெயர் என்பார்கள். கரிபூ என்பது வட அமெரிக்காவின் காட்டுக் கலைமான். அங்குள்ள மக்களுக்கு இறைச்சி, தோல், கதை எல்லாம் அதுதான்.

1991 நவம்பரில் அந்த ஏரிக்குப் பக்கத்தில் வைரம் கிடைத்த செய்தி வெளியே வந்தது. சக் ஃபிப்கி, ஸ்டூவர்ட் ப்ளூசன் என்ற இரண்டு நிலவியலாளர்களின் பல வருடத் தேடல் அது. உடனே நிலத்துக்கு உரிமை கோரி முளையடிக்கக் கூட்டம் பாய்ந்தது. பிஎச்பி என்ற சுரங்க நிறுவனம் அங்கே திறக்கவிருந்த எகாத்தி வைரச் சுரங்கத்துக்கான தாக்க மதிப்பீட்டு அறிக்கையை 1995 ஜூலையில் கொடுத்துவிட்டது. மத்திய அரசு அமைத்த குழு 1996 ஜனவரி, பிப்ரவரியில் மக்களிடம் கருத்துக் கேட்டு, ஜூனில் பரிந்துரை அளித்தது. 1998 அக்டோபரில் சுரங்கம் திறந்தாயிற்று.

கண்டுபிடிப்புக்கும் அறிக்கைக்கும் நடுவில் முழுசாகக் கிடைத்த கோடைகளை எண்ணிப் பாருங்கள்: 1992, 1993, 1994. மூன்றே மூன்று. அங்கே வேலை செய்யத் தோதான கோடை என்பது ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடிவதற்குள். அதற்குள் பனி உருக வேண்டும், பறவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க வேண்டும், செடி பூத்துக் காய்க்க வேண்டும், ஆய்வாளர் கொசுவுக்கு ரத்தம் கொடுத்தபடியே இதையெல்லாம் எண்ணி முடிக்க வேண்டும். மீதி மாதங்களில் ஏரி ஐஸாகக் கிடக்கும். நட்டநடுக் குளிரில் பகல் வெளிச்சம் சில மணி நேரம்தான்.

அந்தக் குறுகிய காலத்தில் அளக்க வேண்டியவையோ ஏராளம். தரைக்கடியில் நிரந்தரமாக உறைந்து கிடக்கும் மண்ணில் துளை போட்டு, வெவ்வேறு ஆழத்தில் வெப்பமானிகளைக் கோர்த்த கம்பியை இறக்குவார்கள். கோடையில் மேல் மண் எவ்வளவு ஆழம் உருகுகிறது, கீழே எவ்வளவு குளிராக இருக்கிறது என்று அது சொல்லும். ஏரி நீரில் கரைந்த உப்புகள், அடிச்சேற்றில் வாழும் புழு பூச்சிகள், பாசி போன்ற லைக்கன் படர்ந்த பாறைகள், பாறை முகட்டில் கூடு கட்டும் வல்லூறு, ஓநாய் குட்டி போடும் மணல் மேடுகள் என்று பட்டியல் நீளும். அந்த மணல் மேடுகளுக்கு எஸ்கர் என்று பெயர். பழைய பனிப்பாறைகளுக்கு அடியில் ஓடிய ஆறுகள் விட்டுப்போன வண்டல் அவை. தூந்திராவில் வளை தோண்ட வாகான இடம் அது என்பதால் ஓநாயும் நரியும் கரடியும் அங்கேதான் வரும். சாலை போடச் சரளை கிடைக்கும் இடமும் அதுவே. ஆகவே சண்டையும் அங்கேயே தொடங்கிவிடும்.

ஒரே ஒரு விலங்கை எண்ணுவது எப்படி என்று பார்த்தாலே இதன் பாடு புரியும். வோல்வரின் என்பது நீர்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு, சின்னக் கரடி மாதிரி இருக்கும். ஒற்றையாய் அலையும், கண்ணிலேயே படாது. அதை எண்ண, வசந்தத்தில் பனி இருக்கும்போதே பனி வண்டியில் போய் ஆள் உயர மரக்கம்பங்களை நடுவார்கள். கம்பத்தைச் சுற்றி முள்கம்பி, உச்சியில் நாற்றமடிக்கும் இரை. வோல்வரின் இரைக்காக ஏறும்போது முள்ளில் சில முடிகள் சிக்கும். அந்த முடியை எடுத்து டிஎன்ஏ பார்த்து, இது போன தடவை வந்த அதே ஆளா, புது ஆளா என்று கண்டுபிடிப்பார்கள். லாக் தெ கிரா பகுதியில் இந்த முறை வந்தது சுரங்கம் திறந்த பிறகு. அதாவது கருவி வருவதற்குள் "முந்தைய நாள்" கடந்து போய்விட்டது.

மீன் விஷயம் இன்னும் வினோதம். வைரம் பொதிந்த குழாய் வடிவப் பாறைகள் சின்ன ஏரிகளுக்கு அடியில் இருந்ததால், தோண்ட வேண்டுமானால் ஏரியை வற்ற வைக்க வேண்டும். அதற்கு முன் வலை போட்டு ஏரியிலுள்ள மீன் அத்தனையையும் பிடித்து, எண்ணி, எடை போட்டு, வயது பார்ப்பார்கள். வேறெந்த ஏரியிலும் மாதிரி எடுத்துத்தான் மதிப்பிட முடியும். முழுக்கணக்கு கிடைப்பது சாகப்போகும் ஏரியில் மட்டும். கனடாவின் மீன்வளத் துறை 2011-ல் இதற்கென்று தனி நடைமுறையே வகுத்தது, கிடைக்கும் தரவாவது வீணாகக் கூடாதே என்றுதான்.

சரி, மூன்று கோடைகளில் உழைத்து அளந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த மூன்று எந்த மூன்று என்பதுதான் அடுத்த தலைவலி. தூந்திராவில் லெம்மிங் என்ற எலிவகை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பெருகி, பிறகு சட்டென்று சரியும். ஆந்தையும் நரியும் அதைப் பின்தொடர்ந்தே ஏறி இறங்கும். இரண்டு வருட ஆய்வு அந்த ஏற்றத்தில் விழுந்தால் ஒரு தூந்திரா, இறக்கத்தில் விழுந்தால் வேறொரு தூந்திரா. லெம்மிங்காவது பரவாயில்லை. கரிபூவின் சுற்று ஒரு மனித ஆயுளுக்கு நிகரானது.

அலையின் உச்சியில் ஒரு பூஜ்யம், பள்ளத்தில் ஒரு பூஜ்யம்

லாக் தெ கிரா வழியாகப் போய்வரும் கரிபூக் கூட்டத்துக்கு பாதர்ஸ்ட் கூட்டம் என்று பெயர். 1986-ல் அதில் சுமார் 4,70,000 விலங்குகள். 1996-ல் சுமார் 3,50,000. எகாத்தியின் அடிப்படை நிலை ஆய்வு நடந்தது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். 2003-ல் 1,86,000. 2009-ல் 32,000. 2018-ல் 8,200. 2021-ல் 6,000 சொச்சம். 1998-ல் எகாத்தி, 2003-ல் டயாவிக், 2008-ல் ஸ்னாப் லேக், 2016-ல் காச்சோ குவே என்று வரிசையாகச் சுரங்கங்கள் திறந்ததும் இதே காலம்.

இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு முடிவு உடனே தோன்றும். ஆனால் கொஞ்சம் பொறுங்கள்.

கருப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் வேர்கள் மண்ணுக்கு மேலேயே தலை நீட்டிக்கொண்டு கிடக்கும். கரிபூக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே தடத்தில் நடக்கும்போது குளம்பு பட்டு வேரின் பட்டை காயமாகும். மரம் அந்தக் காயத்தை மூடி வளரும். வேரை அறுத்துப் பார்த்தால் எந்த வருட வளையத்தில் எத்தனை காயம் என்று எண்ணிவிடலாம். காயம் அதிகமான வருடம், கூட்டம் அதிகமான வருடம். வடமேற்குப் பிரதேசங்களில் இப்படி வேர்த்தழும்புகளை எண்ணிய ஒரு ஆய்வு 2006-ல் வந்தது. 1940-களின் நடுவிலும் 1990-களிலும் கரிபூ மிகுதி. 1920-களிலும் 1950 முதல் 1970 வரையிலும் மிகக் குறைவு. இந்த நூற்றாண்டுத் தொடக்கத்தில் மீண்டும் குறைவு. கரிபூ வரும், போகும், மறுபடி வரும் என்று முதியோர் சொல்லி வந்ததையே வேரும் சொன்னது.

ஆக, எகாத்தியின் பூஜ்யம், அதாவது பிற்பாடு எல்லாவற்றையும் ஒப்பிடும் தொடக்கப் புள்ளி, அலையின் உச்சிக்குப் பக்கத்தில் குறிக்கப்பட்டது. அதற்குப் பிறகு எப்படியும் ஓர் இறக்கம் இருந்திருக்கும். அந்த இறக்கம் இத்தனை ஆழமாக இருந்திருக்குமா என்பதே கேள்வி. வறட்சியில் மேய்ச்சல் கெட்டது, ஓநாய், வேட்டை, ஒட்டுண்ணி, சாலை, சுரங்கம் என்று எல்லாவற்றுக்கும் பங்கு பிரிக்கப் பார்க்கிறார்கள். நூறு வருடத்துக் கணக்கை மூன்று வருடத்து அளவீட்டிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. இதற்கிடையில் விலை கொடுத்தது யார் என்று பார்த்தால், 2010 ஜனவரியில் அந்தக் கூட்டத்தின் பகுதியில் கரிபூ வேட்டை தடை செய்யப்பட்டது. சுரங்கம் நின்றுவிடவில்லை. குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்த்துவைக்கும் குடும்பங்கள்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

இப்போது கிழக்கே, கனடாவின் பாஃபின் தீவுக்குப் போவோம். அங்கே மேரி ரிவர் என்ற இரும்புத்தாதுச் சுரங்கம். தாது இருப்பது 1962-லேயே தெரியும். அனுமதி கிடைத்தது 2012 டிசம்பரில். அதற்கான ஆய்வுகள் நடந்த வருடங்களில் தீவின் வடக்கே கரிபூ மிகக் குறைவு. 2014-ல் தீவு முழுவதையும் வானிலிருந்து எண்ணியபோதே ஐயாயிரத்துக்கும் கீழேதான் தேறியது. தீவின் பரப்பு தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கு நெருக்கம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள இனூயிட் பழங்குடி முதியோர் இதற்கு அதிர்ச்சியடையவில்லை. 60 முதல் 80 வருடத்துக்கு ஒருமுறை கரிபூ குறையும், பிறகு திரும்பும், திரும்பும்போது பழைய தடங்களிலேயே திரும்பும் என்பது அவர்கள் கணக்கு.

இங்கே பூஜ்யம் பள்ளத்தில் விழுந்துவிட்டது. விளைவு நேர்மாறு. கரிபூவே அபூர்வமாக இருக்கும் வருடங்களில் அளந்தால், "இந்தப் பகுதியில் கரிபூ நடமாட்டம் சொற்பம், ஆகவே பாதிப்பும் சொற்பம்" என்று எழுதத் தோன்றும். எழுதியவர் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொல்கிறார். மேலும், பத்துப் பதினைந்து விலங்குகளே கண்ணில் படும் இடத்தில் அவை பாதியாகக் குறைந்தாலும் அது சுரங்கத்தாலா தற்செயலா என்று புள்ளியியல் சொல்லாது. சொல்ல அதற்கு எண் போதாது. அந்தத் தீவில் உண்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: முப்பது வருடம் கழித்து கரிபூ திரும்பி வரும்போது அந்தத் தடத்தின் குறுக்கே ரயில் பாதை இருந்தால் என்ன செய்யும்? இல்லாத விலங்கை அளக்க முடியாது. அதன் பாதை யாருடைய நினைவில் இருக்கிறதோ அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

முதியோர் சொன்னவற்றை அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்பது கனடாவில் 1990-களிலேயே விதிமுறையாகிவிட்டது. எகாத்திக் குழுவுக்கும் அது சொல்லப்பட்டிருந்தது. சேர்த்த விதம்தான் பிரச்சினை. "முதியோர் கருத்து" என்று தனி அத்தியாயம் போட்டு, கரிபூ எண்ணிக்கையை வேறொரு அத்தியாயத்தில் எழுதி, இரண்டும் சந்திக்காமலே நூலைக் கட்டிவிடலாம். மரியாதை காட்டியதாகவும் ஆயிற்று, கணக்கு மாறாமலும் ஆயிற்று.

முன்பு இல்லாதபோது தூரம்

முந்தைய அளவீடு இல்லாமலோ அரைகுறையாகவோ இருந்தால் என்ன செய்வது? சூழலியலாளர்கள் அப்போது காலத்தை விட்டுவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். சுரங்கத்துக்கு அருகே எப்படி, தள்ளிப்போகப்போக எப்படி என்று பார்ப்பது.

ரெட் டாக்கிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. தாது, சுமார் 84 கிலோமீட்டர் சாலை வழியாக லாரியில் கடற்கரைத் துறைக்குப் போகிறது. சாலையின் ஒரு பகுதி கேப் க்ரூசென்ஸ்டெர்ன் என்ற தேசியப் பாதுகாப்புப் பகுதிக்குள் செல்கிறது. எல்லோரும் ஓடையையே பார்த்துக்கொண்டிருக்க, தூசி காற்றில் போய் மாஸ் செடிகளில் படிந்துகொண்டிருந்தது. மாஸுக்கு உண்மையான வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதை உடம்பாலேயே உறிஞ்சும். ஆகவே தூசியின் வரலாற்றை அது தன்னிடமே வைத்திருக்கும். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 2001-ல் வெளியிட்ட ஆய்வில், சாலையோர மாஸில் ஈயமும் காட்மியமும் மிகுந்திருந்தன. சாலையிலிருந்து விலக விலகக் குறைந்தன. சாட்சி சொன்னது தூரம்தான். அதே வருடம் லாரிகளின் தார்ப்பாய் போய் இறுக மூடும் இரும்பு மூடி வந்தது.

லாக் தெ கிராவிலும் இதையே கரிபூவுக்குச் செய்தார்கள். கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை கட்டிய விலங்குகளின் நகர்வையும், 1998-லிருந்து எடுத்த வான்வழிக் கணக்கெடுப்புகளையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வெளியானது. எகாத்தி, டயாவிக் இரண்டையும் சுற்றிச் சுமார் 14 கிலோமீட்டர் வரை கரிபூக்கள் ஒதுங்கிப் போவதாக அது கண்டது. தூசி பரவும் எல்லையும் ஏறக்குறைய அதே தூரம். சுரங்கக் குழியின் பரப்பை மட்டும் பார்த்து "இத்தனை பெரிய நிலத்தில் இது ஒரு புள்ளி" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் புள்ளி திடீரென்று பெரிதாகிவிட்டது. பிந்தைய ஆய்வுகள் அந்தத் தூரம் வருடத்துக்கு வருடம் கூடிக் குறைவதாகக் காட்டின. அதுவும் எதிர்பார்க்க வேண்டியதுதான்.

இந்த முறையிலும் ஒரு ஓட்டை உண்டு. எகாத்தியிலிருந்து டயாவிக் சுமார் 30 கிலோமீட்டர்தான். டயாவிக் தன் அறிக்கையைக் கொடுத்த 1998-ல் எகாத்தி கட்டி முடிந்து திறக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவதாக வருபவரின் பூஜ்யத்துக்குள் முதலாமவரின் தூசி ஏற்கெனவே படிந்திருக்கும். அடுத்து வருபவரின் பூஜ்யத்தில் இருவருடையதும். ஒவ்வொரு சுரங்கமும் தன் கணக்கில் கொஞ்சமாகத்தான் கெடுக்கிறது. கூட்டிப் பார்ப்பது மட்டும் யாருடைய அத்தியாயத்திலும் வராது. எகாத்திக்காக 1997-ல் ஒரு சுயேச்சையான கண்காணிப்பு அமைப்பை ஏற்படுத்தினார்கள். செலவு நிறுவனத்துடையது, உறுப்பினர்களை நியமிப்பதில் பழங்குடி அரசுகளுக்கும் பங்கு. நல்ல ஏற்பாடு, சந்தேகமில்லை. ஆனால் அதன் அதிகாரம் ஒரு சுரங்கத்தோடு சரி. கரிபூ அப்படி ஒரு சுரங்கத்தோடு நிற்பதில்லை.

நல்ல அடிப்படை நிலை ஆய்வு இருந்தாலும் வழக்கு முடிந்துவிடாது என்பதற்கு மேரி ரிவர் கப்பல் பாதையே சான்று. தாது ஏற்றும் கப்பல்கள் 2015 முதல் எக்லிப்ஸ் சவுண்ட் என்ற நீர்ப்பரப்பு வழியாகப் போகின்றன. ஒற்றைத் தந்தம் நீட்டிய நார்வால் திமிங்கிலங்கள் கோடையைக் கழிக்கும் இடம் அது. அங்கே 2013-லேயே வானிலிருந்து எண்ணி வைத்திருந்தார்கள்: பத்தாயிரத்துக்கு மேல். 2016-ல் சுமார் 12,000. 2020-ல் சுமார் 5,000. 2021-ல் சுமார் 2,600. இதைவிடத் தெளிவான முன்பும் பின்பும் கிடைப்பது அரிது. அப்போதும் நிறுவனம் சொன்னது, ஐஸ் மாறியிருக்கலாம், கொலைத் திமிங்கிலம் வந்திருக்கலாம், நார்வால் பக்கத்து வளைகுடாவுக்கு இடம் மாறியிருக்கலாம். எல்லாம் நடக்கக்கூடியவைதான். அந்த நீர்ப்பரப்பை ஒட்டிய பாண்ட் இன்லெட் ஊரின் வேட்டைக்காரர்கள் சொன்னதோ, சத்தம் வந்தது, விலங்கு போனது. உற்பத்தியை வருடத்துக்கு 1.2 கோடி டன்னாக உயர்த்தும் திட்டத்தை ஏற்க வேண்டாம் என்று, அந்தத் தீவு அடங்கிய நுனாவுட் பிரதேசத்தின் தாக்க மதிப்பீட்டு வாரியம் 2022 மே மாதம் பரிந்துரைத்தது. நவம்பரில் அமைச்சரும் மறுத்துவிட்டார். காரணம் நூறு சதவீதம் நிரூபணமாகும் வரை காத்திருக்கவில்லை என்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

நகரும் நிலம்

இத்தனைக்கும் மேலே ஒரு சிக்கல் இப்போது சேர்ந்திருக்கிறது. ரெட் டாக்கில் அது பளிச்சென்று தெரிந்தது. சுரங்கத்தின் சுத்திகரித்த நீரை ஓடையில் விட அனுமதி உண்டு, ஆனால் கீழே குறிப்பிட்ட இடத்தில் கரைந்த உப்புகளின் அளவு ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. 2019-ஐ ஒட்டி என்ன ஆயிற்றென்றால், சுரங்கத்துக்கு மேலே இருந்து வரும் இயற்கை ஓடைகளிலேயே உப்பு கூடிவிட்டது. உறைந்து கிடந்த மண் உருக, அதுவரை ஐஸ் பூட்டி வைத்திருந்த தாதுக்கள் தண்ணீரைத் தொட்டுக் கரைகின்றன. மேலே வரும் நீரே வரம்பை நெருங்கியதால் சுரங்கம் தன் நீரை விட முடியாமல் தேக்கிவைக்க வேண்டியதாயிற்று. ரெட் டாக் இருக்கும் அதே புரூக்ஸ் மலைத்தொடரில், சுரங்கமே இல்லாத 75 ஓடைகள் ஆரஞ்சு நிறமாக மாறியிருப்பதை 2024-ல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது.

1980-களில் எழுதி வைத்த பூஜ்யம் நாற்பது வருடத்தில் காலாவதியாகிவிட்டது என்று இதற்குப் பொருள். அன்று அது "இது சுரங்கத்தின் தவறு அல்ல" என்றும் "இது சுரங்கத்தின் தவறுதான்" என்றும் இரண்டையும் சொல்ல உதவியது. இன்று ஓடையில் ஆரஞ்சு தெரிந்தால் அந்தப் பழைய எண் ஒன்றும் சொல்லாது. சுரங்கத்தைப் போலவே இருக்கும், ஆனால் சுரங்கம் இல்லாத இன்னொரு ஓடையை இத்தனை வருடமும் விடாமல் அளந்து வந்திருந்தால்தான் சொல்லும். அப்படிப்பட்ட ஒப்பீட்டு இடத்தை விடாமல் அளப்பதற்குக் காசு ஒதுக்குவது யாருக்கும் கவர்ச்சியான செலவு அல்ல. அங்கே எதுவும் நடப்பதில்லை அல்லவா!

அடிப்படை நிலை ஆய்வு ஒரு முறை எடுத்து அலமாரியில் வைக்கும் புகைப்படம் இல்லை, தினமும் எழுத வேண்டிய நாட்குறிப்பு என்பதைத் தெலிச்சோ அரசு தன் வழியில் செய்துகொண்டிருக்கிறது. 2016 முதல் ஒவ்வொரு கோடையும் கான்ட்வாய்ட்டோ ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, கரிபூ நீந்திக் கடக்கும் துறைகளில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஹெலிகாப்டர் கிடையாது. முதியோரும் இளைஞர்களும் காத்திருந்து, கன்றுகள் எத்தனை, தாய் கொழுத்திருக்கிறதா, ஓநாய் எங்கே, லைக்கன் காய்ந்திருக்கிறதா என்று எழுதுகிறார்கள். ஒரு விலங்கு மெலிந்திருப்பது வானிலிருந்து எண்ணும்போது தெரியாது. கரையிலிருந்து பார்த்தால் தெரியும்.

இப்போது லாக் தெ கிரா சுரங்கங்கள் மூடும் கட்டத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. டயாவிக் ஏரிக்குள்ளேயே அணை கட்டி, நீரை இறைத்துவிட்டுத் தோண்டிய சுரங்கம். முடிவில் குழிகளை நீரால் நிரப்பி, நீர் தரமாக இருந்தால் அணையை உடைத்து ஏரியோடு சேர்ப்பது திட்டம். எந்தத் தரம் என்று கேட்டால் பேச்சு மறுபடி 1990-களின் எண்களுக்கே போய் நிற்கிறது.

ஏரி நீரைச் சோதிக்க டயாவிக் சில வருடங்களுக்கு ஒருமுறை முதியோரை அழைத்து முகாம் நடத்தி வந்தது. ஆய்வகத்துக்கு ஒரு பாட்டில் நீர் போகும். கரையில் மீனை வெட்டி ஈரலையும் செவுளையும் பார்த்து, சுட்டுத் தின்று பார்ப்பார்கள். அதே ஏரித் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்க வைத்து டீ போடுவார்கள். கெட்ட தண்ணீரில் போட்ட டீயின் மேலே மெல்லிய ஏடு படியும், கோப்பையின் ஓரத்தில் ஒட்டும். கோப்பையைச் சாய்த்து, வெளிச்சத்தில் பிடித்து, ஏடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள்.